குடாக்கின் மணமும் தரமும்

மத்திய அரசின் சுங்கத் தீர்வைப் பட்டியல் இலக்கிய நயம் தேடிப் படிக்கத்தக்க நூலன்று. ஆயினும் அதன் 24ஆம் அத்தியாயத்தைப் புரட்டுவோர், 2403 11 10 என்னும் எண்ணுக்கு எதிரே ஒரு பழஞ்சொல்லைக் கண்டு சற்றே நிற்பர். உக்காப் புகையிலைக்கு மறுபெயராக அங்கே குடாக்கு என்னும் சொல் அச்சாகியிருக்கிறது. கோப்புகளோடு நாள் கழிக்கும் எழுத்தர் குலத்தைச் சேர்ந்த நமக்கு இத்தகைய பெயர்கள் பெரும்பாலும் வெறும் எண்களாகவே கண்ணிற் படும். ஆனால் குடாக்கு என்பது நம் பழைய தமிழ் அகராதிகளிலும் ஏறிய சொல். வெல்லத்தைக் குறிக்கும் வடசொல்லும் தம்பாக்கு என்னும் புகையிலைப் பெயரும் இணைந்து பிறந்தது அது. புகையிலையோடு வெல்லப்பாகும் நறுமணப் பொருள்களும் சேர்த்துப் பிசைந்து, உக்காவின் சிலும்பியில் இட்டுப் புகைக்கும் கலவைக்கு அது பெயர்.

அதே அத்தியாயத்தின் குறிப்பு ஒன்று, உக்காவில் இடும் புகையிலை இன்னதென வரையறுக்கிறது. புகையிலையும் கிளிசரினும் கலந்திருத்தல் வேண்டும், மண எண்ணெய்களும் சாறுகளும், வெல்லப்பாகோ சர்க்கரையோ சேர்ந்திருக்கலாம், பழச்சுவை ஊட்டப்பெற்றிருக்கலாம், ஆனால் புகையிலை அறவே இல்லாத கலவை இவ்வகையில் அடங்காது என்பது அதன் சாரம். நானூறு ஆண்டு வரலாறு இந்தச் சில வரிகளுக்குள் சுருங்கிக் கிடக்கிறது.

இவ்வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. இராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தேகு ரோட்டிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் நம் குடும்பங்களில், வெற்றிலைப் பெட்டியும் பொடிமட்டையும் பெரும்பாலும் பாட்டன் காலத்தோடு போயின. சுருட்டுப் பிடிப்பவரை இன்றைய பிள்ளைகள் வியந்து பார்க்கின்றனர். ஆனால் அதே பிள்ளைகளுட் சிலர், "அது புகையிலை அன்று, வெறும் ஆப்பிள், வெறும் புதினா" என்று சொல்லி உக்காவின் முன் அமர்கின்றனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. தம் மூக்கு கூறியதையே நம்புகின்றனர். மூக்கின் சான்று எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

பீஜப்பூரிலிருந்து ஆக்ராவுக்கு

புகையிலை நம் நாட்டுச் செடியன்று. 1492இல் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளில் கரையேறியபோதுதான் ஐரோப்பியர் அதனை முதன்முதற் கண்டனர். மிளகாயும் முந்திரியும் அன்னாசியும் போன்று, அதுவும் போர்த்துக்கேயர் கப்பல்களில் மேலைக் கடற்கரைக்கு வந்தது. கோவா 1510இல் அவர்கள் கைக்குப் போயிற்று. கோவாவின் துறைமுகத்துக்கு அண்மையில் இருந்த பேரரசு பீஜப்பூர் அடில்சாகி அரசு. ஆதலின் தில்லியும் ஆக்ராவும் அறியுமுன்னரே தக்காணம் புகையிலையை அறிந்துகொண்டது. நாம் வாழும் இப்புனே வட்டாரமும் பின்னர்ச் சாகாஜி போன்சலேயின் காலத்தில் அவ்வரசின் கீழ் இருந்ததே.

அக்பரின் அவையைச் சேர்ந்த அசத் பேக் என்பவர் 1603ஆம் ஆண்டையொட்டிப் பீஜப்பூருக்குத் தூது சென்றார். இளவரசர் தானியாலுக்கு மணம் பேசப்பெற்ற இரண்டாம் இபுராகீம் அடில்சாவின் மகளை அழைத்துவரும் பணி அது. அங்கே அவர் புகையிலையைக் கண்டார். இதுபோன்ற ஒன்றை இந்துஸ்தானத்தில் தாம் கண்டதில்லை எனத் தம் குறிப்பில் எழுதி வைத்துள்ளார். திரும்பி வருங்கால் சிறிது புகையிலையும், அரசர்க்கு ஏற்றதொரு அழகிய புகைக்குழலும் கொண்டுவந்தார். மூன்று முழ நீளமுள்ள தண்டு, இரு முனைகளிலும் மணிகளும் மினாவேலையும், ஏமன் நாட்டுச் செம்மணியால் ஆன வாய்முனை, பொன்னாலான தீக்கிண்ணம். அடில்சா அளித்த வெற்றிலைப் பை ஒன்றில் புகையிலையை நிரப்பி, யாவற்றையும் வெள்ளித் தட்டில் அழகுற அடுக்கி அரசர் முன் வைத்தார்.

அக்பர் இஃது என்ன என வினவினார். மக்காவிலும் மதீனாவிலும் நன்கு அறியப்பெற்ற புகையிலை இது என்றும், மருந்தாகவே கொண்டுவரப்பட்டுள்ளது என்றும் கானே ஆசம் மறுமொழி கூறினார். அரசர் இரண்டு மூன்று முறை இழுத்தார். அருகிருந்த மருத்துவர் பதறித் தடுத்தார். மருந்து விற்பவரை வரவழைத்து அதன் குணம் கேட்டனர். நூல்களில் இதைப் பற்றிய பேச்சில்லை, இது புதுப்பொருள், ஐரோப்பிய மருத்துவர் புகழ்ந்து எழுதியுள்ளனர் என அவர் கூறினார். சோதித்து அறியாத பொருளை அரசர்க்கு எங்ஙனம் பரிந்துரைப்பது என மருத்துவர் வாதிட்டார். உலகத்து வழக்கங்கள் யாவும் ஒரு நாள் புதியனவாக இருந்தவையே என்று அசத் பேக் எதிர்வாதம் புரிந்தார். வாதத்தை அரசர் மெச்சினார். எனினும் தாம் அப்பழக்கத்தை மேற்கொள்ளவில்லை. அசத் பேக்கிடம் பங்கு கேட்டுப் பெற்ற பிரபுக்களோ விடவில்லை. வணிகர் விற்கத் தொடங்கினர். வழக்கம் விரைந்து பரவிற்று.

இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்கின், அன்று அவையில் புகையிலைக்கு இருவகைத் தேர்வுகள் நடந்தன என்பது புலனாகும். ஒன்று கண்ணும் மூக்கும் நாவும் நடத்திய தேர்வு: தட்டு அழகியது, குழல் அழகியது, பொருள் புதியது, புகை இன்பமானது. மற்றொன்று மருத்துவர் நடத்த விரும்பிய தேர்வு: இப்பொருள் உடம்பினுள் சென்று என்ன செய்யும்? முதல் தேர்வு அன்றே முடிந்துவிட்டது. இரண்டாவது தேர்வுக்கு விடை கிடைக்க முந்நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

உக்காவின் பிறப்பைப் பற்றி ஒரு கதை பல நூல்களிலும் வழங்குகிறது. அக்பரின் மருத்துவர் அக்கீம் அபுல் பத் கீலானி, புகையை நீரினூடே செலுத்தினால் அதன் தீமை நீங்குமென்று கருதி இக்கருவியைப் படைத்தார் என்பர். கதை அழகியது, ஆனால் காலக் கணக்கு அதற்கு இடந்தருவதாக இல்லை. அபுல் பத் 1589இல் இறந்தவர். அசத் பேக் புகையிலையைப் புதுமைப் பொருளாக ஆக்ராவில் வைத்தது அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. காணாத புகையிலைக்கு அக்கீம் கருவி செய்தார் எனல் பொருந்தாது. எனினும் இக்கதை நெடுங்காலம் வாழ்ந்ததற்குக் காரணம் உண்டு. நீர் தீமையைக் கழுவிவிடும் என்று நம்ப மக்கள் விரும்பினர். அந்நம்பிக்கைக்கு ஒரு மருத்துவரின் பெயர் தேவைப்பட்டது.

அக்பரின் மகன் ஜகாங்கீர் 1617இல் புகையிலைக்குத் தடை விதித்தார். உடலுக்கும் உள்ளத்துக்கும் கேடு விளைப்பது என்பது அவர் கூறிய காரணம். பாரசீகத்தில் சா அப்பாசும் அவ்வாறே தடுத்திருந்தார். ஆனால் ஜகாங்கீர் அங்கு அனுப்பிய தூதரான கான் ஆலம் ஒரு நொடியும் புகையிலையின்றி இருக்க இயலாதவர். அவர் பொருட்டுச் சா அப்பாசே விதிவிலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. தடை போட்டவரின் தூதரே தடைக்கு அடங்காதபோது நாட்டு மக்கள் அடங்குவரோ?

பாகும் பழமும்

இனி, மணமூட்டும் கலை எங்ஙனம் எழுந்தது எனக் காண்போம். இந்தியாவில் பயிராகும் புகையிலை இரண்டு இனம். ஒன்று நம் தென்னாட்டிலும் பரவலாக விளையும் இனம். மற்றொன்று வடக்கிலும் கிழக்கிலும் குளிர்ப்பருவத்தில் விளையும் ரஸ்டிகா இனம். உக்காவுக்கு மிகுதியும் பயன்பட்டது இதுவே. இதில் நிகோட்டின் மிகுதி. புகை தொண்டையை அறுக்கும். உழவர் அதனை அவ்வாறே புகைத்தனர். அதற்குக் கடுவா, அதாவது கைப்புப் புகையிலை என்று பெயர். அரண்மனைவாசிகளின் தொண்டைக்கு அது ஒவ்வவில்லை. எனவே வெல்லப்பாகு வந்தது; மீட்டா, அதாவது இனிப்புப் புகையிலை பிறந்தது.

இனிப்பு வெறும் சுவைக்காகச் சேர்ந்ததன்று. சர்க்கரை சூடேறும்போது எழும் அமிலங்கள் புகையின் கடுமையைத் தணிக்கின்றன. பாகு இலையைப் பிணித்து ஈரம் காக்கிறது. கரி நெருப்பின் வெம்மையில் இலை சட்டெனக் கருகாமல் மெல்லப் புகைகிறது. வேதியியல் அறியாத அக்காலத்துக் கலவைக்காரர்கள் இவற்றைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

இக்கலை கமீரா என்னும் கலவையில் உச்சம் எய்தியது. புளிக்கவைத்தல் என்னும் பொருள் தரும் அரபுச் சொல்லடியாக வந்தது அப்பெயர். இடித்த புகையிலையோடு வெல்லப்பாகும், இலந்தை, வாழை, அன்னாசி, பலா முதலிய பழங்களும், சந்தனம், ஏலம், தாழம்பூ, பன்னீர் முதலிய மணப்பொருள்களும் சேர்த்துப் பிசைவர். பின்னர் மண்பாண்டங்களில் இட்டு வாய்மூடிச் சில திங்கள் ஊறவிடுவர். லக்னோ போன்ற நகரங்கள் இதற்குப் பெயர்பெற்றன.

இத்தகைய கலவையைத் தேர்ந்து வாங்குவோர் நோக்கியவை எவை? முதலாவது, பக்குவம். விரல்களுக்கிடையே உருட்டினால் திரள வேண்டும்; ஆனால் பாகு வழியலாகாது. இரண்டாவது, சீர்மை. நரம்பும் காம்பும் தட்டுப்பட்டால் இலை மட்டம். காம்பு கருகினால் புகை கரிக்கும். மூன்றாவது, மணம். பாண்டத்தைத் திறந்தவுடன் முகத்தில் அறையும் மணம் உயர்வன்று. பழமும் பூவும் புளிப்பும் ஒன்றோடொன்று இழைந்து, எது எதுவெனப் பிரித்தறிய முடியாதபடி நிற்பதே ஊறியதற்கு அடையாளம். நான்காவது, நெருப்பின் சோதனை. முதல் இழுப்பில் எந்தக் கலவையும் மணக்கும். கரி பாதி தணிந்த பின்னும் அம்மணம் நிலைத்து, வெந்த வெல்லத்தின் கசப்பு மேலோங்காதிருப்பின் அதுவே உயர்ந்த சரக்கு. நம் வீட்டுப் பெண்டிர் பாகின் கம்பிப் பதம் பார்ப்பதும், ஊறுகாய் ஊறியதை மூடி திறந்த கணமே சொல்லிவிடுவதும் இவ்வகை அறிவே. இதனை எளிதென இகழ்தல் தகாது.

கலவைக்கேற்பக் கலமும் வளர்ந்தது. எளியோர் தேங்காய்ச் சிரட்டையில் நீர் நிரப்பிக் குழல் செருகிப் புகைத்தனர். பாரசீகமும் துருக்கியும் நர்கீலே என இக்கருவிக்கு இட்ட பெயர் தேங்காயையே குறிக்கும். நாரிகேளம் என நாம் அறிந்த சொல்லின் உறவு அது. செல்வர்க்கோ தக்காணத்துப் பீதர் நகரம் கலம் செய்து அளித்தது. துத்தநாகக் கலவை உலோகத்தைக் கருமையாக்கி, அதில் வெள்ளிக் கொடிகளைப் பதித்துச் செய்த பீதர் உக்காக் கலங்கள் இன்று உலக அருங்காட்சியகங்களை அழகு செய்கின்றன.

கலவையைச் சேர்ப்பதும், நீரை மாற்றுவதும், கரியைப் பதமாக இடுவதும் உக்காபர்தார் என்னும் பணியாளர் கடமை. கிழக்கிந்தியக் கும்பினியின் வெள்ளைத் துரைமாரும் இப்பழக்கத்துக்கு ஆட்பட்டனர். 1779இல் கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம் இல்ல விருந்துக்கு விடுத்த அழைப்பில், உக்காபர்தாரைத் தவிர வேறு பணியாளரை உடன் கொணர வேண்டா எனக் கேட்டுக்கொண்டிருந்தார். மற்ற பணியாளர் யாவரையும் விட்டுவரலாம். புகையின் பக்குவம் அறிந்தவனை விட்டுவர இயலாது என்பது அன்றைய நிலை.

தமிழகத்தின் தேர்வு

தமிழகத்தில் உக்கா நவாபுகளின் மாளிகைகளிலும் துரைமார் பங்களாக்களிலும் இருந்தது. ஊர்த் திண்ணையில் அது பெரிதும் வேரூன்றவில்லை. நம்மவர் புகையிலையை மென்றனர், பொடியாக்கி உறிஞ்சினர், சுருட்டாக்கிப் புகைத்தனர். எனினும் இனிப்பின் சூழ்ச்சி நமக்கும் புதிதன்று. பாகில் ஊறவைத்த பாணிப் புகையிலையைத் தமிழகமும் யாழ்ப்பாணமும் நன்கறியும். காரம் மிகுந்த இலையைக் கருப்பட்டியின் இனிமையால் வசப்படுத்துவதும், கடுவாவை மீட்டாவாக்குவதும் ஒரே தொழில்தான்.

சீனிச் சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையைத் தூது விடுவதாகப் பாடிய புகையிலை விடு தூது, டாக்டர் உ. வே. சாமிநாதையரால் பதிப்பிக்கப்பெற்றது. சிவனுக்கு வில்வமும் திருமாலுக்குத் துளசியும் பிரமனுக்குப் புகையிலையும் உரியனவாயின என்றும், முதலிரண்டும் கைவிட்டுப் போக மூன்றாவது மட்டும் போகாது நின்றது என்றும், போகையிலை என்னும் அப்பெயரே புகையிலை ஆயிற்று என்றும் நகைச்சுவை ததும்பக் கற்பித்திருக்கிறார் புலவர். பெயரிலேயே சீனியும் சர்க்கரையும் உடைய ஒருவர் புகையிலையைப் புகழ்ந்தது, இக்கட்டுரைப் பொருளுக்கு எத்துணைப் பொருத்தம்! அயல்நாட்டுச் செடிக்கு ஒரு புராணமே படைத்துத் தந்துவிட்டோம் நாம்.

தமிழகம் உலகுக்கு அளித்த புகையிலைப் பொருள் திருச்சிச் சுருட்டு. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வெள்ளையரிடையே உக்கா அருகிச் சுருட்டு ஓங்கியபோது, திருச்சியும் திண்டுக்கல்லும் இலண்டன் வரை பெயர் பெற்றன. கோனன் டாயில் 1887இல் எழுதி வெளியிட்ட முதல் செர்லாக் ஹோம்ஸ் புதினத்தில், தரையிற் கிடந்த சாம்பலின் நிறத்தையும் செதில்களையும் கண்டே கொலையாளி புகைத்தது திருச்சிச் சுருட்டு எனத் துப்பறிவாளர் கூறிவிடுகிறார். புனைகதையாயினும் அதில் ஓர் உண்மை உண்டு. மணமூட்டாத இலைக்கு அதன் சாம்பலே சான்று கூறும். மண்ணையும் பக்குவத்தையும் மறைக்க அதனிடம் ஒன்றுமில்லை. பாகும் பழமும் ஏறிய குடாக்கில் இலையின் குரல் கேட்பது அரிது. மணம் உயர உயர, அதனடியில் உள்ள இலையைத் தேர்வது கடினமாகிறது.

தேன் பூசிய இலை

நவாபுகளும் துரைமாரும் போன பின் இந்திய உக்கா நாட்டுப்புறத்து முதியோரின் உடைமையாகச் சுருங்கியது. ஆனால் எகிப்தில் அது வேறு வடிவில் தழைத்தது. தேன் பூசியது என்னும் பொருள்படும் முவாசல் என்ற கலவையை அங்கே புகைத்தனர். 1913இல் தோன்றிய நக்லா என்னும் எகிப்திய நிறுவனம் இதில் பெயர்பெற்றது. 1990களில் ஆப்பிள், திராட்சை, புதினா எனப் பழமணங்கள் ஊட்டிய முவாசல் அரபு நாடுகளெங்கும் பரவி, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று, வளைகுடா வழியே மீண்டும் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. தக்காணத்திலிருந்து ஆக்ரா சென்ற பொருள், உலகைச் சுற்றி, உடைமாற்றித் தக்காணத்துக்கே திரும்பிற்று.

இன்றைய தேர்வாளர் வகுத்துள்ள இலக்கணம் பழைய கமீராவின் இலக்கணத்தையே பெரிதும் ஒத்தது. வெட்டு ஒரு சீராக இருத்தல், காம்பு இன்மை, பாகு இலைமேல் படிந்திருந்து அடியில் தேங்காமை, பெட்டியில் முகர்ந்த மணம் புகையிலும் வருதல், வெம்மை தாங்குதல், இறுதிவரை சுவை நிலைத்தல். புதிதாய்ச் சேர்ந்தவை இரண்டு. ஒன்று நிறம்: இலையைக் கழுவி வெளிறச் செய்து, சிவப்பும் பச்சையுமாகச் சாயமேற்றுவோர் உளர், கழுவாத இலை கருமை படர்ந்து காரம் மிகுந்திருக்கும். மற்றொன்று புகையின் அடர்த்தி. அடர்ந்த வெண்புகையே உயர்ந்த சரக்கின் அடையாளம் என இளையோர் எண்ணுகின்றனர். அவ்வெண்மையைத் தருவது இலையன்று. தீர்வைப் பட்டியல் வெளிப்படையாகப் பெயர் சொல்லும் கிளிசரின். புகையின் அடர்த்தியைக் கொண்டு புகையிலையை மதிப்பிடுவது, நுரையின் உயரத்தைக் கொண்டு காப்பியை மதிப்பிடுவது போன்றது.

காப்பியைச் சொன்னதால் அதனையே மேலும் நோக்குவோம். தமிழ்க் குடும்பத்தார் எங்குச் சென்றாலும் விடாத தேர்வு காப்பித்தூளின் தேர்வு. வறுத்த மணம் எவ்வளவு உயர்ந்ததாயினும், "சிக்கரி எவ்வளவு?" என்று கேட்காமல் நாம் தூள் வாங்குவதில்லை. அவ்விகிதத்தைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்பது சட்டமும் ஆகும். கலப்புத் தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. மூக்கை நம்புகிறோம்; ஆயினும் மூக்கால் அறிய இயலாததை வாய்விட்டுக் கேட்டு அறிகிறோம். இதுவே தேர்வின் முழுமை.

உக்காவின் முன் அமர்பவர் இக்கேள்வியைக் கேட்பதில்லை. கேட்க வாய்ப்பும் அமைவதில்லை. இந்தியாவில் விற்கும் புகையிலைப் பொட்டலத்தின் முகப்பில் 85 விழுக்காட்டுப் பரப்பை எச்சரிக்கைப் படம் நிறைக்க வேண்டும் என 2016 முதல் விதி உள்ளது. ஆனால் உக்காக் கூடத்தில் பொட்டலம் உட்கட்டிலேயே பிரிக்கப்படும். வாடிக்கையாளர் காண்பது பழப்பெயர்கள் நிரம்பிய அட்டையும், அலங்காரக் கலமும், எழும் மணமும் மட்டுமே. அசத் பேக்கின் வெள்ளித் தட்டு இன்று வேறு உருவில் நம் பிள்ளைகள் முன் வைக்கப்படுகிறது.

இரண்டாவது தேர்வு

மருத்துவரின் கேள்விக்கு விடை கூறும் அறிவு மெல்லவே வளர்ந்தது. 1828இல் ஜெர்மனியின் ஐடல்பர்க்கில் பாசெல்ட், ரைமன் என்னும் இருவர் புகையிலையிலிருந்து நிகோட்டினைப் பிரித்தெடுத்தனர். 1950ஐயொட்டிப் புகைப்பழக்கத்துக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு ஆய்வுகளால் நிறுவப்பட்டது. உக்காவுக்கு மட்டும் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டதுபோல் இருந்தது. நீர் வடிகட்டிவிடும் என்னும் பழங்கதை அதற்கு அரணாக நின்றது. 2005இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுக்குழு அவ்வரணைத் தகர்த்தது. ஒருமுறை அமர்ந்து உக்கா இழுப்பவர் உட்கொள்ளும் புகை, நூறு சிகரெட்டோ அதற்கு மேலோ புகைப்பவர் கொள்ளும் புகைக்கு நிகராகலாம் என்பது அதன் முடிவு. நீர் புகையைக் குளிர்விக்கிறது. நிகோட்டினில் ஒரு பங்கைக் கரைத்துக்கொள்கிறது. நச்சுகளில் பெரும்பகுதி அதனூடே கடந்து வருகிறது. குளிர்ந்தும் இனித்தும் வருதலாலேயே ஆழமாகவும் நெடுநேரமும் இழுக்க இயல்கிறது. மேலும் சிலும்பியின் தலைமேல் எரியும் கரி, கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சு வாயுவைத் தருகிறது. மூக்குத் தேர்வில் அதற்கு இடமே இல்லை.

நிகோட்டினின் அளவையும் மூக்கு அளந்து கூறாது. உயர்ந்த கலவையென மேற்கூறிய இலக்கணங்கள் அனைத்தும் பொருந்திய ஒன்றும், மட்டமான கலவையும் இவ்வகையில் வேறுபடுவது நாம் எதிர்பார்க்கும் முறையில் அன்று. மட்டமானது தொண்டையைக் கரிக்கச் செய்து, போதும் என நிறுத்தச் சொல்லும். உயர்ந்ததோ இறுதிவரை இனிமையாக இருந்து மேலும் இழுக்கச் செய்யும். தரம் உயர்ந்தது என்பதனால் தீமை குறைந்தது எனல் ஆகாது. கமீராக்காரரின் முந்நூறாண்டுத் திறமை நம்மிடமிருந்து மறைத்தது இவ்வொன்றையே.

2017 டிசம்பர் 29ஆம் நாள் நள்ளிரவை அடுத்து, மும்பை கமலா மில்ஸ் வளாகத்தின் மேல்மாடி உணவகங்களில் தீப்பற்றிப் பதினால்வர் உயிரிழந்தனர். உக்காவின் கரித்தணல் தீக்குக் காரணமாகச் சுட்டப்பட்டது. அதன் பின்னர் 2018இல் மகாராட்டிர அரசு புகையிலைச் சட்டத்தைத் திருத்தி, உக்காக் கூடங்களைத் தடை செய்தது. தமிழ்நாடு சட்டமன்றமும் 2022இல் அத்தகைய சட்டத்தை நிறைவேற்றிற்று. ஆக, நாம் பிறந்த மாநிலமும் வாழும் மாநிலமும் இதில் ஒன்றுபட்டு நிற்கின்றன.

தடை வந்ததும் புகையிலை கலவாத மூலிகை உக்கா என்னும் பெயர் எழுந்தது. உணவகம் நடத்தும் உரிமம் உக்கா வழங்கும் உரிமையை உள்ளடக்காது எனப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2023இல் தெளிவுபடுத்தியது. சட்டம் ஒருபுறம் இருக்க, மூலிகைக் கலவைக்கும் அதே கரிதான் எரிகிறது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். புகையிலையை எடுத்துவிட்டால் நிகோட்டின் போகும். கரியின் நச்சு போகாது. ஜகாங்கீரின் தடை எங்ஙனம் தோற்றதென்பதை வரலாறு காட்டிவிட்டது. வீட்டில் உள்ளோர் பொருளறிந்து பேசாதவிடத்து அரசின் ஆணை மட்டும் வெல்வது அரிது.

எனவே, பிள்ளைகளிடம் பேசப் புகும் பெற்றோர் மணத்தைப் பழிக்க வேண்டுவதில்லை. பழித்தால் அவர்கள் நம்பப்போவதுமில்லை. அம்மணம் உண்மையில் இனியதே. பீதர்க் கொல்லரும் லக்னோக் கலவைக்காரரும் எகிப்திய வணிகரும் தலைமுறைகளாக வளர்த்த கலை அது. அக்கலையை அறிந்து வியக்கலாம். அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று கலங்களைக் காட்டலாம். குடாக்கு என்னும் சொல் வந்த வழியை விளக்கலாம். அதன் பின்னர், காப்பித்தூள் வாங்கும்போது தம் தாய் கேட்கும் கேள்வியை அவர்களும் கேட்கக் கற்றுத் தரலாம்: இதில் இருப்பது என்ன, எவ்வளவு? ஆக்ரா அவையில் பெயர் சொல்லப்படாத அம்மருத்துவர் கேட்டதும் இதுவே. அன்று அவருக்கு விடை சொல்ல நூல்கள் இல்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு விடை கூற நூல்கள் உள்ளன. அவற்றை எடுத்துச் சொல்லும் கடமை வீட்டுப் பெரியோராகிய நம்முடையது.